டைனோ ரியூனிங்: வேலை செய்த ரூ ஸ்ரோக் குவாட்டுக்குப் பயன் உண்டா?

கிளிநொச்சியில் குவாட்டை (நாலு சில்லு மோட்டார் வண்டி) பட்டா லொறியில் ஏற்றி, கொழும்புப் பக்கம் டைனோவுக்கு (சில்லை ரோலரில் ஓடவிட்டுப் பவர் அளக்கும் கருவி) கொண்டுபோவதென்றால் ஒரு வழிக்கே 300 கிலோமீற்றருக்கு மேல். வாகனக் கூலி, டைனோ கூலி, ஜெட் (காபிரேட்டரில் பெற்றோல் போகும் அளவான துளை) செலவு என்று எல்லாம் கூட்டிப் பார்த்தால் சின்னத் தொகை இல்லை. டைனோ எந்த எஞ்சினுக்கும் பவர் கூட்டாது. போர்ட் வெட்டியதிலும் (சிலிண்டரின் வாயு வழிகளைப் பெரிதாக்கியது) எக்சோஸ்ட் பைப் மாற்றியதிலும் வந்திருக்கவேண்டிய பவரில் எவ்வளவு பிழையான ஜெட்டாலும் ரைமிங்காலும் (பிளக் பொறி விடும் நேரம்) வீணாகிறது என்று காட்டும். ஆகவே வீணாகிற அளவு பெரிதென்றால் மட்டும் அந்தப் பணம் பெறும்.

யமஹா பான்ஷி குவாட்டை எடுத்துக்கொள்வோம். 347 சீசீ, இரண்டு சிலிண்டர், தண்ணீரால் குளிரும் எஞ்சின், 26 மில்லிமீற்றர் மிக்குனி காபிரேட்டர் இரண்டு. கம்பனி மெயின் ஜெட் 200. பில்டர் பெட்டி மூடியைக் கழற்றி, எக்ஸ்பான்ஷன் பைப் (ரூ ஸ்ரோக்குக்கென்று செய்த வயிறு பெருத்த எக்சோஸ்ட் பைப்) பூட்டியதும் 200 ஜெட்டில் பெற்றோல் போதாது. பொதுவாக 250ஐத் தாண்டிப் போகவேண்டி வரும். இந்த அளவு வேலையோடு நிற்கிற வண்டிக்கு டைனோ வேண்டாம். ஆள் நடமாட்டமில்லாத நேரான கிறவல் பாதையில் புதுப் பிளக்கோடு மேல் கியரில் முழுத் திரொட்டிலில் ஓடி, கிளச்சைப் பிடித்து அந்த நிமிடமே எஞ்சினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பீங்கானின் அடியைப் பாருங்கள். வெறும் வெள்ளையாக இருந்தால் பெற்றோல் குறைவு. கரி ஈரமாகப் படிந்திருந்தால் பெற்றோல் கூடுதல். பீங்கானின் அடியில் மெல்லிய மண்ணிற வளையம் வரும்வரை ஜெட் மாற்றினால் போதும்.

போர்ட் வெட்டி, ஹெட் மாற்றி, பெரிய காபிரேட்டரும் பூட்டியிருந்தால் கதை வேறு. அங்கே மெயின் ஜெட் மட்டும் சிக்கல் இல்லை. பெற்றோல் அளவைத் தீர்மானிப்பது கால் திரொட்டில் வரை பைலட் ஜெட்டும் (சிறிய ஜெட்) ஸ்லைட்டும் (திரொட்டில் தூக்கும் காபிரேட்டர் கதவு), கால் முதல் முக்கால் வரை ஸ்லைட்டில் தொங்கும் ஊசி, அதற்கு மேல் மெயின் ஜெட். எஞ்சின் பைப்பில் ஏறுகிற, அதாவது பவர் திடீரென்று எழுகிற, இடத்துக்குச் சற்று முன்னால் பவர் குழி விழுந்தால், காதால் கேட்டு ஊசியைப் பிழை சொல்வதா, ரைமிங்கைப் பிழை சொல்வதா என்று பிரிப்பது கஷ்டம். டைனோ வரைந்து தரும் பவர்க் கோட்டில் அந்தக் குழி எந்தச் சுற்றில் (ஆர்.பி.எம்.) விழுகிறது என்று தெளிவாகத் தெரியும். ஊசிக் கிளிப்பை ஒரு பள்ளம் மாற்றி மறுபடி ஓடினால் பதிலும் உடனே வரும். உச்சப் பவர் எண்ணைவிட இந்தக் குழியை நிரப்புவதுதான் வண்டியில் ஏறியவருக்குத் தெரிகிற வித்தியாசம்.

பதிவு செய்ய முன்னம் இரண்டு கேள்வி கேளுங்கள். பின்சில்லு இரண்டும் ரோலரில் அடங்குமா? மோட்டார் சைக்கிளுக்கென்று செய்த ஒடுக்கமான ரோலரில் குவாட்டின் பின் அச்சு அடங்காது. அடுத்தது, ரோலருக்கு பிரேக் சுமை உண்டா? சுமையில்லாத ரோலரில் முழுத் திரொட்டிலில் சில விநாடி இழுக்கத்தான் முடியும். அரைத் திரொட்டிலில் ஒரே சுற்றில் நிறுத்தி வைத்து ஊசியைப் பார்க்க சுமை தரும் டைனோ வேண்டும்.

தாளில் வரும் எண்ணையும் அப்படியே நம்பக்கூடாது. குவாட் ரயர் காற்றுக் குறைவாக ஓடுவது, முண்டு முண்டாக இருப்பது. ரோலரில் நசுங்கியே பவரைத் தின்னும். ரயர் காற்றையோ கட்டும் பட்டியின் இறுக்கத்தையோ மாற்றினாலே எண் மாறும். முன்னும் பின்னும் ஒரே கியர், ஒரே ரயர் காற்று, ஒரே தண்ணீர்ச் சூடு, ஒரே திருத்தக் கணக்கு (அன்றைய காற்றின் நிலைக்கேற்ப எண்ணைச் சரிசெய்வது) இருந்தால்தான் ஒப்பிடலாம். இதில் இரண்டு முறை உண்டு: எஸ்.ரி.டி. திருத்தம் எஸ்.ஏ.ஈ. திருத்தத்தைவிட ஏறத்தாழ 4 வீதம் கூட்டிக் காட்டும். முதல் ஓட்டத்தை ஒன்றிலும் கடைசி ஓட்டத்தை மற்றதிலும் அச்சடித்தால் ஒன்றும் செய்யாமலே பவர் கூடிவிடும்.

வன்னிக்காரர் கூடுதலாகக் கவனிக்கவேண்டியது சூடு. டைனோவில் ஒரு இழுவை சில விநாடிதான். பைப் முழுதாகச் சூடாகாது. முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் நெடுநேரம் திரொட்டிலைப் பிடித்தால் பைப்பும் பிஸ்டனும் கொதிக்கும். டைனோவில் ஆகக்கூடிய பவர் காட்டிய மெலிந்த (பெற்றோல் குறைவாகத் தரும்) ஜெட், மணலில் பிஸ்டனை இறுக்கிவிடும். ஆகவே உச்சம் காட்டிய ஜெட்டைவிட ஒரு படி பெரியதோடு வீடு திரும்புங்கள். இன்னொன்று, 36 பாகை வெயிலில் இருக்கும் காற்று 24 பாகைக் காற்றைவிட ஏறத்தாழ 4 வீதம் அடர்த்தி குறைந்தது. கோடைப் பின்னேரம் சரியாகப் பிடித்த ஜெட், மார்கழி விடியக்காலை மெலிந்துபோகும். மாரிக்கென்று அடுத்த பெரிய ஜெட்டை எடுத்து வைத்திருப்பது அவசியம். சோளகக் காற்றுக் காலத்தில் புழுதி பில்டரை அடைத்தால் மறுபக்கம், பெற்றோல் கூடும். அப்போது ஜெட்டைத் தொடாமல் பில்டரைக் கழுவி ஒயில் போடுங்கள்.

டைனோ கோடு இரண்டு சிலிண்டரின் கூட்டுத்தொகை. இடது பக்கம் மெலிந்து, வலது பக்கம் நனைந்து கிடந்தாலும் கோடு அழகாகவே இருக்கும். இரண்டு பிளக்கையும் தனித்தனியே பாராமல், இரண்டு ஸ்லைட்டும் ஒன்றாகத் தூக்குகிறதா என்று சரிபாராமல் ஜெட் மாற்றுகிற இடத்துக்குப் பணம் கொடுக்கவேண்டாம்.

காற்று ஒழுகும் எஞ்சினைக் கொண்டுபோவதும் வீண். இன்ரேக்கையும் எக்சோஸ்டையும் அடைத்து 6 பீ.எஸ்.ஐ. காற்று ஏற்றுங்கள். நிமிடத்துக்கு 1 பீ.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கினால் கிராங்க் சீல், கஸ்கற் பார்த்து முடித்துவிட்டே புறப்படவேண்டும்.

பெற்றோலும் ஒயிலும் வீட்டிலிருந்தே போகட்டும். 32க்கு 1 என்றால் 5 லீற்றருக்கு 156 மில்லிலீற்றர். 40க்கு 1 என்றால் 125. ஒயில் கூடினால் அதே ஜெட்டால் போகிற பெற்றோல் குறைந்து கலவை மெலியும் என்பதால் இடையில் அளவை மாற்றக்கூடாது. ஊரில் 92 ஒக்ரேன்தான் அடிக்கப்போகிறீர்கள் என்றால் கலனில் 92ஐயே கொண்டுபோய், அதிலேயே ரைமிங் பிடிக்கச் சொல்லுங்கள். 95இல் முன்தள்ளிய ரைமிங், 92இல் பிஸ்டன் தலையைத் தட்டித் துளைக்கும்.