ரூ. 6,480-க்கு வாங்கிய வெதுவெதுப்பான தடுப்பூசி: பன்றி வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

இன்று காலையில் பதினேழாவது குட்டியைக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். இரண்டு முறை சோப்புப் போட்டும் கை நாறுகிறது.

வலங்கைமான் பக்கம் நான்கு வெள்ளைத் தாய்ப்பன்றிகள் வைத்திருக்கிறேன். மூன்று ஆனியில் ஈன வேண்டியவை, அதில் ஒன்று தலைஈத்து. போன ஈத்தில் குட்டிகள் கழிச்சலில் பாதிக்கு மேல் போய்விட்டதால், இந்தத் தடவை சினையிலேயே தாய்க்கு, குட்டிக்குக் கழிச்சல் தரும் ஈ.கோலை என்ற கிருமிக்கான தடுப்பூசி போட்டுவிடலாம் என்று நினைத்தேன். கால்நடை மருந்துகளை வீட்டுக்கே அனுப்பும் ஒரு ஆன்லைன் தளத்தில் கேட்டேன். பெயர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்கிறான் தம்பி, அதனால் போடவில்லை.

போனில் பேசிய பொண்ணு, "எத்தனையாவது ஈத்து சார்? சினைப்பட்டு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டது. பன்றிக்குச் சினைக்காலம் 114 நாள் என்று கணக்குப் போட்டு, ஈனுவதற்கு ஐந்து வாரம் முன்னால் ஒரு ஊசி, இரண்டு வாரம் முன்னால் இன்னொன்று என்று தேதியே குறித்துக் கொடுத்தது. அங்கேதான் விழுந்தேன். எங்கள் ஊர் மருந்துக்கடையில் இதுவரை ஒருத்தரும் என்னிடம் ஈத்து கேட்டதில்லை. "ஐஸ் பெட்டியில வரும் சார், கவலையே படாதீங்க." போனிலேயே ரூ. 6,480 அனுப்பிவிட்டேன்.

பார்சல் அக்னி நட்சத்திரத்தில் நான்கு நாள் சுற்றி வந்தது. பிரித்தால் ஐஸ் பை மொத்தமும் தண்ணீராகிக் கிடக்கிறது. பாட்டிலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், வெதுவெதுவென்று இருந்தது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவும் என்று லேபிளிலேயே அச்சடித்திருக்கிறார்கள். உடனே போன் போட்டேன். "மூடி திறக்காத வரைக்கும் ஒண்ணும் ஆகாது சார், ஃபிரிட்ஜில வச்சிடுங்க." இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். இது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டு ஊசியும் தேதி தவறாமல் போட்டாயிற்று. மூன்று ஈத்திலும் சேர்த்து 29 குட்டிகள். இரண்டாம் நாளே வால் நனைந்து, பின்பக்கம் மஞ்சள் தண்ணீராக ஒட்டிக்கொண்டது. காலையில் மடியை முட்டிக்கொண்டிருந்த குட்டி சாயங்காலம் சூட்டுக்காகப் போட்ட விளக்கடியில் கண் குழிந்து, இடுப்பெலும்பு தெரியக் கிடந்தது. சிரிஞ்சில் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே விடிந்தது. தலைஈத்துக் குட்டிகள்தான் அதிகம் போயின.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பன்றியில தாயோட எதிர்ப்பு சக்தி நஞ்சுக்கொடி வழியா குட்டிக்குப் போகாது. வெறும் ஆளாத்தான் பிறக்குது. சீம்பால்தான் எல்லாம். அதுவும் முதல் ஒரு நாளுக்குள்ள. அப்புறம் குடல் அதை உள்ள விடாது." தாய்க்கு ஊசி போடுவதே சீம்பாலில் அந்தச் சக்தி நிறைய இறங்கத்தான். பிறந்த குட்டிக்கு ஊசி போட்டால் அது வேலை செய்வதற்குள் குட்டியே இருக்காது. ஊசி கெட்டுப்போயிருந்தால், வயிறு முட்டச் சீம்பால் குடித்தும் அந்தக் கிருமியைத் தடுக்கப் போதுமானது அதில் இருக்காது. கழிச்சலுக்கு வேறு கிருமியும் காரணமாக இருக்கலாம், ஊசியை மட்டும் சொல்ல முடியாது என்றும் அவர் சொன்னார். நேர்மையான மனுஷன்.

நானும் நேர்மையாக அதைத் தளத்தில் சொல்லித் தொலைத்தேன். "அப்போ லேப் ரிப்போர்ட் அனுப்புங்க சார்" என்று பிடித்துக்கொண்டார்கள். முதல் நாள் பேசியவர், பொருள் வந்த ஏழு நாளுக்குள் புகார் தர வேண்டும் என்றார். அட, ஊசி பலித்ததா இல்லையா என்பது ஐந்து வாரம் கழித்துக் குட்டி பிறந்தால்தானே தெரியும்! அடுத்தவர் கூரியரைக் கேட்கச் சொன்னார். கூரியர்காரர் அனுப்பியவர்களைக் கேட்கச் சொன்னார். ஈத்து கேட்ட பொண்ணு இப்போது லைனிலேயே வருவதில்லை, பாட்டுதான் ஓடுகிறது. கடைசியில் அடுத்த ஆர்டருக்கு 200 ரூபாய் கூப்பனாம். போன ரூ. 6,480-க்கு 200 ரூபாய், அதுவும் அவர்களிடமே வாங்கினால்! நேற்று இரவு, புகார் முடிக்கப்பட்டது என்று மெசேஜ் வந்தது. குட்டிகளின் விலையை நான் இன்னும் கணக்கே போடவில்லை.

என்னென்ன செய்யணும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. சூடாக வந்த தடுப்பூசியைக் கையில் வாங்காதீர்கள். வாங்கினால் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். ஃப்ரீஸரில் வைத்தாலும் இந்த ஊசி கெட்டுவிடும், அதையும் செய்யாதீர்கள். ஊசி போட்டிருந்தாலும் பிறந்த சில மணி நேரத்துக்குள் சின்னக் குட்டிகளைப் பிடித்து மடியில் விடுங்கள். நம் பக்கத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அங்கே போய்க் கேட்டிருந்தால் பஸ் காசோடு போயிருக்கும். ரூ. 6,480 போயிருக்காது.

மீதி 12 இருக்கின்றன. கரண்ட் போய்விட்டது, விளக்கு அணைந்திருக்கும். சாக்கு எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போகிறேன்.