“2400 டிபிஐ மெஷின்” என்றால் நம்பிவிடாதீர்கள்

புகைப்படத் தொகுப்பு ஒன்றை அச்சுக்குக் கொடுத்து ஏமாந்த கதை இது. மலர், ஆல்பம், புத்தகம் என்று எதையாவது அச்சிடப் போகிறவர்கள் அவசியம் படியுங்கள்.

“எங்களுடையது 2400 டிபிஐ மெஷின், மற்றவர்கள் 300தான் கொடுப்பார்கள்” என்று சொல்லி, அதற்கென்றே அச்சகத்தில் கூடுதல் கட்டணம் வாங்கினார்கள். டிபிஐ என்றால் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு. புத்தகம் வந்ததும் பார்த்தால், முகங்களெல்லாம் மெழுகு பூசியதுபோல வழவழவென்று இருக்கின்றன. தலைமுடியில் ஓர் இழைகூடத் தனியாகத் தெரியவில்லை.

கேட்டதற்கு, “ஃபைல் 300 டிபிஐ, நீங்களே செக் பண்ணுங்கள்” என்றார்கள். பிடிஎஃப்பில் 300 என்றுதான் காட்டியது. ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணிமையைச் சுற்றி படத்தைச் சுருக்கும்போது விழும் ஜேபெக் கட்டங்கள் ஊதிப்போய்த் தெரிந்தன. பென் டிரைவில் நான் கொடுத்த அசல் படங்கள் 6000 பிக்சல் அகலம். 12 அங்குலப் பக்கத்தில் வைத்தால் அங்குலத்துக்கு 500 வரும், தாராளம். அவர்கள் வைத்ததோ, படங்களின் வரிசையைக் காட்ட வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த 1600 பிக்சல் படங்களை. அங்குலத்துக்கு 133தான் தேறும். அதை ஃபோட்டோஷாப்பில் 3600 பிக்சலுக்கு இழுத்து 300 ஆக்கியிருக்கிறார்கள். லேஅவுட் போட்ட தம்பியே பிறகு ஒப்புக்கொண்டார். இழுக்கும்போது அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் இடைவெளியை நிரப்பும், அவ்வளவுதான். படத்தில் இல்லாத முடியிழை அதனால் வந்துவிடாது.

அப்புறம் அந்த 2400. அது படத்தின் அளவே இல்லை. ஆஃப்செட் பிளேட்டில், அதாவது அச்சுத் தகட்டில், லேசர் எவ்வளவு நெருக்கமாகப் புள்ளி வைக்கும் என்பதைச் சொல்லும் எண். படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் ஸ்கிரீன் 150 எல்பிஐ, அதாவது அங்குலத்துக்கு 150 வரிசைக் கட்டங்கள் என்றால், ஒவ்வொரு கட்டத்துக்கும் 16-க்கு 16, அதாவது 256 லேசர் புள்ளிகள் கிடைக்கும். வெளிரிலிருந்து அடர்த்தி வரை அத்தனை சாயலும் அதில்தான் உருவாகிறது. கணினியிலிருந்து நேராகப் பிளேட் எடுக்கும் சிடிபி மெஷின் வைத்திருக்கும் அச்சகங்களில் 2400 சர்வசாதாரணம். படத்தில் அங்குலத்துக்கு ஸ்கிரீன் எண்ணைப்போல இரண்டு மடங்கு பிக்சல் இருந்தால் போதும் என்பது வழக்கம். 300 என்ற கணக்கு அப்படி வந்ததுதான். சம்பந்தமே இல்லாத இரண்டு எண்களை ஒப்பிட்டுக் காட்டிக் காசு வாங்கினார்களே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ப்ரூஃப், அதாவது அச்சுக்கு முன் பார்க்கும் மாதிரி, என்று காட்டியதும் ஃபோன் திரையில் சிவப்பு, பச்சை, நீல ஒளியில் தெரியும் ஒரு ஆர்ஜிபி படம். அதிலிருந்த பளீர் நீலம் அச்சின் நான்கு நிற சிஎம்ஒய்கே மையில் வராது, மங்கித்தான் வந்தது. “நீங்கள்தானே ஓகே சொன்னீர்கள்” என்று மறு அச்சுக்கும் மறுத்துவிட்டார்கள்.

அச்சுக்குப் போகிற பிடிஎஃப்பையே கேட்டு வாங்கி, உங்கள் அசல் படத்தைப் பக்கத்தில் திறந்துவைத்து, முடியையும் கண்ணிமையையும் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். வண்ணத்துக்குத் தாளில் எடுத்த ப்ரூஃப் வந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். இரண்டில் எதற்குச் சாக்குச் சொன்னாலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.