இ-ஃபிளாட் கிளாரினெட்டுக்கு லெஜேர் ரீடு: மேல் சுரம் நிற்கிறதா?

பெரம்பூர் லூர்து மாதா தேர் பவனி, ராயபுரத்துத் திருவிழா, கல்யாண ஊர்வலம் என்று தெருவில் நடந்துகொண்டே ஊதுகிறவர்களை இ-ஃபிளாட் கிளாரினெட் (வழக்கமான கிளாரினெட்டைவிடச் சிறியது, சுருதி உயர்ந்தது) பாடாய்ப் படுத்துவது மேல் சுரத்தில்தான். ஒத்திகையில் பளிச்சென்று பேசிய மேல் ஈ, தெருமுனை தாண்டியதும் கீச்சிடும். இல்லையென்றால் வெறும் காற்று போகும். இதற்கு மருந்தாகப் பலரும் சொல்வது கனடாவின் லெஜேர் நிறுவனத்தின் செயற்கை ரீடை, அதாவது ஊதும் வாயில் மாட்டி அதிரும் மெல்லிய பட்டையை. பாலிப்ரொப்பிலீனில் செய்தது. ஒன்றின் விலை ஏறக்குறைய ஒரு பெட்டி கேன் (நாணல்) ரீடின் விலை. தெருவில் ஊதுகிறவர்களுக்கு அந்தக் காசு வீண் போகாது. ஆனால் ரீடு மட்டும் மேல் சுரத்தைக் கொண்டுவந்துவிடாது.

கேன் ரீடு ஈரத்தில் வாழ்கிற பொருள். நாகஸ்வரச் சீவாளிக்குக் கொறுக்கைத் தட்டையைப் பதம் பார்க்கிறோமே, அதே கதைதான். ட்ரம்பெட் தனியாக வாசிக்கும் இரண்டு நிமிடத்தில் காசிமேட்டுக் கடற்காற்று ரீடின் நுனியைக் காயவைத்துவிடும். காய்ந்த நுனி நெளியும்; நெளிந்தால் மவுத்பீஸோடு (வாய் வைத்து ஊதும் பகுதி) ஒட்டாது. சின்ன ரீடு என்பதால் அந்த மயிரிழை நெளிவே மேல் சுரத்தை விழுங்கப் போதும். செயற்கை ரீடில் இந்தத் தொல்லை இல்லை. நனைக்க வேண்டாம், எடுத்து மாட்டி ஊதலாம்.

ரீடின் கெட்டித்தன்மை எண் கால் கால் அளவாகக் கிடைப்பது பெரிய வசதி. கேனில் 3 ஊதுகிறவர் 2¾-ல் தொடங்கலாம். மேல் சுரம் வரவேண்டும் என்று எடுத்த எடுப்பில் கெட்டியான ரீடு வாங்குவது தப்பு. ஊத முடியாமல் தாடை கடிக்கும், கடித்தால் ரீடு அடைத்துக்கொள்ளும், சுரம் செத்துவிடும். மாட்டும்போது ரீடின் நுனியும் மவுத்பீஸின் நுனியும் நேராக இருக்கட்டும். மேல் சுரம் தொய்ந்தால் ரீடை ஒரு மயிரிழை மேலே ஏற்றுங்கள், கெட்டிப்படும். கீழே இறக்கினால் இளகும். ரீடைப் பிடிக்கும் லிகேச்சர் வளையத்தின் திருகை முறுக்கித் தள்ள வேண்டாம்.

குறைகளும் உண்டு. பிளாஸ்டிக் எச்சிலை உறிஞ்சாது. துளித்துளியாக நின்று களகளவென்று சத்தம் வரும். காற்றை ஒருமுறை உள்ளிழுத்தால் அடங்கும். ஒரே ரீடில் வெகுநேரம் ஊதினால் இளகி, முதலில் மேல் சுரம்தான் சுருதி இறங்கும். அதனால் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவைக்கக் கூடாது.

ரீடை மாற்றியும் மேல் சுரம் வரவில்லையா? வாத்தியத்தைப் பாருங்கள். கீழ்த்துண்டின் துளைகளை விரலால் மூடி, சுண்டுவிரலால் அடி ஈ சாவியையும் அழுத்தி, அடிவாயை உள்ளங்கையால் அடைத்து, மேலே வாய் வைத்து உறிஞ்சுங்கள். பிடிப்பு சில விநாடி நிற்க வேண்டும். உடனே விட்டுப்போனால் பேடு (சாவிக்கு அடியில் துளையை மூடும் மெத்தை) கசிகிறது. எந்தப் பேடு என்று சிகரெட் தாளை அடியில் வைத்து மெல்ல இழுத்தால் தெரியும்: கசிகிற இடத்தில் தாள் பிடிப்பில்லாமல் வழுக்கி வரும். கடலோரத்தில் உப்புக்காற்று எஃகு ஸ்ப்ரிங்கை அரிப்பதால், சாவி தளர்ந்தும் கசியும். சுரத்தை மேலே தாவவைக்கும் ரெஜிஸ்டர் சாவியின் சின்னக் குழாயில் அழுக்கு அடைத்திருந்தாலும் மேலே எதுவும் ஒழுங்காகப் பேசாது.

அடுத்தது விரல். கிளாரினெட் எட்டாம் சுரத்துக்குத் தாவாது, பன்னிரண்டாம் சுரத்துக்குத் தாவும். அதற்கு மேலே ஐந்தாம் ஹார்மோனிக் (அடிச்சுரத்தைப்போல் ஐந்து மடங்கு அதிரும் சுரம்). இதையே சாதகமாக்கலாம். இடது கட்டைவிரலும் மூன்று விரலும் மூடி நடு சி ஊதுங்கள். ரெஜிஸ்டர் சாவியைத் தொட்டால் ஜி. காற்றை நிறுத்தாமல் இடது ஆள்காட்டி விரலை எடுத்தால் மேல் ஈ. வலது மோதிர விரலை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் மூடித் தொடங்கினால் ஏ, ஈ, சி-ஷார்ப் என்று ஏறும். இந்த ஐந்தாம் ஹார்மோனிக் சுருதி இறங்கியே வரும். மேல் டி முதல் வலது சுண்டுவிரலில் இ-ஃபிளாட் சாவியை அழுத்துவது அதை நிமிர்த்தத்தான். எஃப்-ஷார்ப்புக்கு இடது நடுவிரல் மட்டும் மூடியிருந்தால் போதும், அதே இ-ஃபிளாட் சாவியோடு.

ஏறும்போது உதட்டை இறுக்காமல், வாய்க்குள் “ஈ” சொல்வதுபோல் நாக்கின் பின்பக்கத்தை உயர்த்துங்கள். காற்று ஒல்லியாகவும் வேகமாகவும் போகட்டும். ஆள்காட்டி விரலை முழுசாகத் தூக்க வேண்டியதில்லை. துளையின் பாதியைத் திறக்கும்படி உருட்டினாலே சுரம் கீறலில்லாமல் ஏறும்.

கோயில் கொயருக்குள்ளோ ஹாலிலோ ஊத கேன் ரீடே இருக்கட்டும். அதன் கீழ்ச்சுரத்தில் இருக்கும் கனம் லெஜேரில் வரவில்லை.