மலையகத்து உப்புநீர்த் தொட்டிக்கு எந்தக் கல்சியம் பரிசோதனைப் பெட்டி?

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பொதியில் வரும் செயற்கைக் கடலுப்பைக் கரைத்தே நீரை மாற்றுகிறார்கள். ஆகவே தொட்டியில் உள்ள கல்சியத்தின் அளவு, வாங்கிய உப்பையும் அதைக் கரைத்த விதத்தையும் பொறுத்தே அமைகிறது. மீன்களை மட்டும் வளர்ப்பவர் இதைப் பெரிதாகக் கவனிக்க வேண்டியதில்லை. ஆனால் பாறையில் படரும் இளஞ்சிவப்புச் சுண்ணப்பாசி, நத்தை, முருகை உயிரினங்கள் ஆகியன இருக்கும் தொட்டியில் கல்சியம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும். இயற்கைக் கடல்நீரில், உவர்ப்பு 35 (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) ஆக இருக்கும்போது, லீற்றருக்குச் சுமார் 410 முதல் 420 மில்லிகிராம் கல்சியம் உண்டு. தொட்டியில் 380க்கும் 450க்கும் இடையில் வைத்திருப்பது வழக்கம்.

நன்னீர் மீன்களுக்கென விற்கப்படும் பொதுக் கடினத்தன்மைப் பெட்டி இந்த வேலைக்கு உதவாது. அது கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிரிக்காமல் சேர்த்தே அளக்கும். கடல்நீரிலோ மக்னீசியம் கல்சியத்தைப் போல மூன்று மடங்கு இருக்கிறது. கடல்நீருக்கான பெட்டிகளில் முதலில் காரக் கரைசல் ஒன்றைச் சேர்த்து மக்னீசியத்தை வீழ்படிவாக ஒதுக்கிவிட்டு, அதன் பின்னரே கல்சியத்தை நியமிப்பு முறையில், அதாவது நிறம் மாறும்வரை கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, அளக்கிறோம். சோதனைக் குழாயில் நீர் சற்றுக் கலங்குவதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது அந்த வீழ்படிவே.

மலிவான தெரிவு ஏ.பி.ஐ. நிறுவனத்தின் பெட்டி. 5 மில்லிலீற்றர் நீரில் முதற் போத்தலிலிருந்து பத்துச் சொட்டு இட்டு, பின்னர் இரண்டாவது போத்தலின் சொட்டுகளை, இளஞ்சிவப்பு நீலமாக மாறும்வரை எண்ண வேண்டும். ஒரு சொட்டு 20 மில்லிகிராமுக்குச் சமம் என்பதால், 400க்கும் 420க்கும் இடைப்பட்ட எதையும் அது காட்டாது. நீரையும் முதற் கரைசலையும் இரு மடங்காக எடுத்துக்கொண்டால் ஒரு சொட்டை 10 எனக் கணக்கிடலாம். கரைசல் விரைவில் தீர்ந்துபோகும். புதிதாகக் கரைத்த உப்புநீரைச் சரிபார்க்க இது தாராளமாகப் போதும்.

நான் தொடர்ந்து பயன்படுத்துவதும் பிறருக்குத் தயங்காமல் சொல்வதும் சாலிஃபர்ட் பெட்டியைத்தான். இதில் சொட்டுகளை எண்ணுவதற்குப் பதிலாக 1 மில்லிலீற்றர் சிரிஞ்சில் கரைசலை எடுத்து, நிறம் மாறும்வரை சிறிது சிறிதாக விட்டு, எவ்வளவு செலவானது என்று பார்க்கிறோம். முழுச் சிரிஞ்சு 500 மில்லிகிராமைக் குறிக்கும். சிரிஞ்சில் 0.16 மிஞ்சியிருந்தால் செலவானது 0.84; ஆகவே கல்சியம் 420. மிகச் சிறிய கோடு ஒன்று 5 மில்லிகிராம் என்பதால், வாரத்துக்கு வாரம் நிகழும் சிறு இறக்கமும் கண்ணில் படும். சிரிஞ்சின் நுனியில் காற்று நிற்பதால் அளவு பிழைக்காது. தொடக்கத்திலும் முடிவிலும் சிரிஞ்சின் உள்தண்டிலுள்ள கறுப்பு வளையத்தின் ஒரே விளிம்பை வைத்து வாசித்தால் சரி. இளஞ்சிவப்பு ஊதாவாகத் திரும்பும் கட்டத்தில் அவசரப்படாமல், ஒவ்வொரு சொட்டுக்குப் பின்னும் குழாயைச் சுழற்றி, நிறம் இனி மாறாது என்று தெரிந்த பின்னரே நிறுத்த வேண்டும். பனிமூட்டமான பிற்பகலின் மங்கிய வெளிச்சத்தில் ஊதாவும் நீலமும் எளிதில் குழம்பும். எந்நேரமும் ஒரே வெள்ளை மின்குமிழின் கீழ், வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்துப் பார்ப்பதே நம்பகமானது.

நிறத்தைப் பிரித்தறிவதில் சிரமப்படுபவர்களுக்கு ஹன்னாவின் மின்னணுக் கருவி கவர்ச்சியாகத் தோன்றும். அது எண்ணையே திரையில் காட்டுகிறது. ஆயினும் அந்த எண்ணின் வழுவெல்லை நூற்றுக்கு 6 என்பதால், 420 என்று காட்டும்போது ஏறத்தாழ 25 மேலோ கீழோ இருக்கலாம். அதைவிட முக்கியமானது, அதற்கு எடுக்கும் தொட்டி நீர் வெறும் 0.1 மில்லிலீற்றர் என்பது. அளவெடுக்கும் கை 0.01 பிசகினாலும் முடிவு பத்திலொரு பங்கு மாறிவிடும். அந்தத் துளி நீர் ஏறத்தாழ நூறு மடங்கு ஐதாக்கப்படுவதால், ஐதாக்கும் நீரில் லீற்றருக்கு 4 மில்லிகிராம் கல்சியம் இருந்தாலே வாசிப்பு இரட்டிப்பாகும். எவ்வளவு தெளிந்த மலை ஊற்று நீராயினும் இதற்கு ஆகாது. கல்சியம் கொண்ட டொலமைட்டுப் பாறைகள் கிடக்கும் திகணைப் பக்கத்து நீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அயன் நீக்கிய நீர் (கரைந்த உப்புகள் அகற்றப்பட்ட நீர்) தடையின்றிக் கிடைப்பவர் மட்டும் இக்கருவியை வாங்கலாம்.

எந்தப் பெட்டியானாலும் வாங்குமுன் காலாவதித் திகதியைப் பார்ப்பது அவசியம். கொழும்பிலிருந்து தபாலில் வரவழைப்பவர்கள், போத்தலில் அச்சிட்டுள்ள திகதியைப் படம் எடுத்து அனுப்பும்படி கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். மே மாதம் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை ஓயும்வரை இங்கு வீட்டுக்குள்ளும் ஈரம் நிற்கும். சில பெட்டிகளில் கரண்டியால் அளந்து சேர்க்கும் தூள் கட்டிபட்டால் கரண்டி அளவு பொய்த்துவிடும். காரக் கரைசலோ திறந்திருந்தால் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சும். சிலிக்கா ஜெல் பைகளுடன் இறுக மூடும் டப்பாவில் வைத்திருப்பது நல்லது.

பெட்டியின் மீது ஐயம் எழுந்தால், திருகோணமலைப் பக்கமிருந்து வரும் உறவினரிடம் ஒரு போத்தல் கடல்நீர் கேட்டு வாங்கலாம். அதன் உவர்ப்பை அளந்துகொண்டால், எதிர்பார்க்க வேண்டிய கல்சியத்தை விகிதத்தில் கணக்கிடலாம்: உவர்ப்பு 33 என்றால் ஏறத்தாழ 390. தொட்டி நீரைச் சோதிக்கும்போதும் உவர்ப்பை அளக்காமல் கல்சியத்தைக் கூட்டவோ குறைக்கவோ முனையக் கூடாது.

வாரம் ஒருமுறை கல்சியம் பார்த்தால் போதும். உயிரினங்கள் தம் ஓட்டையும் எலும்புக்கூட்டையும் கட்டுகையில், காரத்தன்மை (நீரில் கரைந்துள்ள காபனேற்றுகளின் அளவு) 2.8 பாகை இறங்கும் அதே வேளையில் கல்சியம் 20 மில்லிகிராம் மட்டுமே இறங்குகிறது; காரத்தன்மையில் அது பெரும் பங்கு, கல்சியத்திலோ சிறு பங்கு. ஆகவே அன்றாட மாற்றத்தை முதலில் உணர்த்துவது காரத்தன்மைப் பெட்டிதான். கையில் உள்ள பணம் ஒன்றுக்கு மட்டுமே போதுமானால், முதலில் அதையே வாங்குங்கள்.