மதகை எத்தனை அங்குலம் திறப்பது? டெல்டா மண்ணில் இருண்ட எதிர்காலக் கதை: மூன்று அமைப்புகள், நான்கு கருவிகள்

வாசகரே முடிவெடுத்து நகர்த்தும் ஊடாட்டக் கதை எழுத உட்காருகிறவர்கள் முதலில் வரைவது பெரும்பாலும் கிளைமரம்தான். கொடுங்கோல் ஆட்சிக் கதைக்கு அது பொருந்தாது என்பது எங்கள் கட்சி. கிளைமரம், பிரிந்து கூடுவது, துணுக்குகள் என்ற மூன்று அமைப்புகளையும் ஒரே களத்தில் ஓடவிட்டால் காரணம் தெரியும்.

களம் இது: ஆண்டு 2090. தலைஞாயிறு பக்கம் ஒரு கடைமடை வாய்க்கால். வாசகர்தான் அங்கே மதகுக்காரர். தண்ணீர் முழுக்க வாரியத்தின் கையில். இன்றைக்கு எத்தனை அங்குலம் திறக்கலாம் என்ற உத்தரவு காலையில் கைக்கருவியில் வந்து விழும். மீறினால் ரேஷன் வெட்டு. கதையின் நீளம் ஒரு குறுவை, அதாவது சுமார் 110 நாள்.

கிளைமரம்

வாசகர் முடிவெடுக்கும் இடம் ஒவ்வொன்றும் ஒரு முடிச்சு. முடிச்சுக்கு இரண்டு வழி என்று பத்து முடிச்சு போட்டால் 1,024 முடிவுகள், மொத்தம் 2,047 பத்திகள். பத்திக்கு 150 சொல் என்றால் மூன்று லட்சம் சொல்லைத் தாண்டும். வாசகர் ஒரு தடவை படிப்பதோ 11 பத்தி, 1,650 சொல். இந்தக் கணக்கு கட்டாது என்று ஐந்தாவது முடிச்சில் தெரிந்ததும் எழுதுகிறவர் கிளைகளை வெட்ட ஆரம்பிப்பார்: “பிடிபட்டாய். கதை முடிந்தது.”

கெடுவது அங்கேதான். மீறினால் உடனே சாவு என்றால் வாசகர் ஒரு படி பின்னால் போய் மற்ற வழியை அழுத்துவார். ஆட்சியைக் கண்டு பயம் வராது. எந்தக் கதவுக்குப் பின்னால் குழி இருக்கிறது என்று தேடும் விளையாட்டாகிவிடும். நிஜத்தில் அதிகாரம் மீறினவனை அன்றைக்கே கொல்வதில்லை, குறித்து வைத்துக்கொள்கிறது. கிளைமரத்தால் குறித்து வைத்துக்கொள்ள முடியாது.

ஒரே ராத்திரிக் கதைக்கு மட்டும் மரம் சரி. புயல் கரை கடக்கிற நேரம், நான்கு முடிச்சு, 16 முடிவு, 31 பத்தி. அதற்கு மேல் வேண்டாம்.

பிரிந்து கூடுவது

ஊடாட்டக் கதை எழுத்தாளர் சாம் கபோ ஆஷ்வெல் 2015-இல் தேர்வுக் கதைகளின் அமைப்புகளை வகைப்படுத்தியபோது தனியாகப் பெயர் கொடுத்த வகைகளில் இதுவும் ஒன்று. வழிகள் பிரியும், சற்றுத் தூரத்தில் ஒரே இடத்தில் கூடும், மறுபடி பிரியும். இரண்டு வழி, ஒரு கூடுமிடம் என்று சுற்றுக்கு மூன்று பத்தி. பத்துச் சுற்றுக்கு முப்பது பத்தி, 4,500 சொல். வாசகர் அதில் இருபது பத்தி, 3,000 சொல் படித்துவிடுவார். உழைப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வாசிப்பில் போய்ச் சேருகிறது.

டெல்டாவுக்கு இது பொருந்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. கூடுகிற இடங்களை நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை, பயிர்ப் பஞ்சாங்கமே தருகிறது. வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பு, மூன்று நான்கு நாளில் கல்லணை, பிறகு நாற்றங்கால், நடவு, களை, கதிர், அறுவடை. மதகுக்காரர் என்ன செய்தாலும் நடவு வரத்தான் செய்யும். எந்த நிலையில் வருகிறது என்பதுதான் மாறும்.

அந்த நிலையைத் தாங்குவது கணக்குகள், அதாவது வாசகரின் முடிவுகளுக்கேற்ப ஏறி இறங்கும் எண்கள். மூன்று போதும்: ஊரின் நம்பிக்கை, வாரியத்தின் சந்தேகம், மண்ணின் உப்பு. முதல் இரண்டும் எவருக்கும் தோன்றும். கதையைத் தூக்கி நிறுத்துவது மூன்றாவது. ஆற்றில் ஓட்டம் குறைந்தால் கடல்நீர் உள்ளே ஏறும். வயலில் தேங்கியது ஆவியாகி உப்பை விட்டுப் போகும். மண்ணின் உப்புத்தன்மை மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸைத் (மின்கடத்தலை வைத்து உப்பை அளக்கும் அலகு) தாண்டினால் நெல் மகசூல் சரியத் தொடங்கும். விளையாட்டில் இதற்கு ஒரு விதி: உத்தரவுப்படி குறைத்துத் திறந்த ஒவ்வொரு சுற்றுக்கும் உப்பு 1 ஏறும். 1 இறங்க மூன்று சுற்று நிறையத் தண்ணீர் விட வேண்டும். இரண்டாம் சுற்றில் காட்டிய கீழ்ப்படிதலுக்குத் தண்டனை ஏழாம் சுற்றில் வரும், அதுவும் வாரியத்திடமிருந்து அல்ல, மண்ணிடமிருந்து.

எண்ணைத் திரையில் காட்டாதீர்கள். உப்பு 2 என்றால் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை. 4 என்றால் வரப்போரம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. 6 என்றால் நாற்றின் நுனி கருகிப் பயிர் தூர் கட்டவில்லை.

இந்த அமைப்பு தோற்கும் விதமும் ஒன்றுதான். இரண்டு வழியும் ஒரே பத்தியில் போய் முட்டுவதை வாசகர் மோப்பம் பிடித்துவிட்டால் அதன்பின் எதையும் யோசித்து அழுத்தமாட்டார். ஒரு முடிவு எந்தக் கணக்கைத் தொட்டாலும் மூன்று சுற்றுக்குள் அதன் தடயம் ஒரு வரியாவது கண்ணில் பட வேண்டும். நான்காவது கணக்கைச் சேர்க்கும் ஆசை வரும்போது இந்த விதியை நினைத்துக்கொண்டால் ஆசை தானே அடங்கும்.

துணுக்குகள்

ஃபெயில்பெட்டர் கேம்ஸ் நிறுவனம் 2009-இல் தொடங்கிய ‘ஃபாலன் லண்டன்’ என்ற இணையக் கதை விளையாட்டு இந்த வழியில் போனது. கதை சிறு துணுக்குகளாகக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை உண்டு, அது பொருந்தும்போது துணுக்கு தலைகாட்டும். நம் களத்தில் 110 நாளை ஐந்தைந்தாகப் பிரித்தால் 22 சுற்று. அறுபது துணுக்காவது எழுதினால்தான் சலிக்காது. நீண்ட கதைக்கும் திரும்பத் திரும்ப ஆடுகிறவர்களுக்கும் அருமையான அமைப்பு. முதல் படைப்புக்கு அல்ல.

மூன்று இடத்தில் சறுக்கும். எந்த நிபந்தனையும் பொருந்தாமல் திரை காலியாக நிற்கும். இதற்கு நிபந்தனையே இல்லாத இரண்டு துணுக்குகளை எப்போதும் கையில் வைத்திருங்கள் (வாய்க்காலில் ஆகாயத்தாமரை அள்ளுவது, பதிவேடு எழுதுவது). நடவுக்கு முன்பே அறுவடை வந்து நிற்கும். நாள் எண்ணை எல்லாத் துணுக்கிலும் கட்டாய நிபந்தனையாக்கினால் தீரும். மூன்றாவது, செத்தவர் வந்து பேசுவார். ஆளுக்கு ஒரு ‘இருக்கிறாரா’ குறி வைத்து அதை முதலில் சோதிக்க வேண்டும்.

உலகத்தைச் சொல்வதா, அழுத்த வைப்பதா

இதிலும் இரண்டு கட்சி உண்டு. முன்கதைக் கட்சி இப்படி எழுதும்: “2061 நீர்ச் சட்டத்துக்குப் பின் டெல்டா நான்கு மண்டலங்களாக்கப்பட்டது…” மூன்றாவது வரியில் வாசகரின் விரல் கீழே தள்ளும். இன்னொரு கட்சி தேர்வுக்குள்ளேயே உலகத்தை வைக்கும்:

அங்காயி அத்தை வரப்பில் நிற்கிறாள். “தம்பி, ஒரு சாண் தொறந்து வுடு. நாத்து பழுத்துப் போச்சு.” இன்றைய உத்தரவு 3 அங்குலம். மதகின் சென்சார் சேறு படிந்து ஆறு மாதமாகச் செத்துக் கிடக்கிறது.
— 3 அங்குலம் திற.
— 5 திற. பதிவேட்டில் 3 என்று எழுது.
— “நாளைக்குப் பாக்கலாம் அத்தை.”

அளவைக் கையால் எழுதுகிறார்கள், பொய் எழுத முடியும், ஆனால் ஒருநாள் யாரோ சரிபார்ப்பார்கள். மூன்றும் விளக்கமில்லாமல் புரிகிறது. “எதிர்க்கிறாயா, பணிகிறாயா?” என்று கேட்கும் தேர்வு இதில் ஒன்றைக்கூடத் தராது.

சரக்குக்குச் செவ்வாய்க் கிரகம் போக வேண்டாம். மேட்டூரின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. அன்றாட நீர்மட்டத்தை ஒவ்வொரு சுற்றின் தலைப்பாக்குங்கள். காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரி 16 தீர்ப்பு கர்நாடகம் தமிழகத்துக்கு விட வேண்டும் என்றது 177.25 டிஎம்சி, அது அளக்கப்படும் இடம் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலு. எதிர்காலத்தில் அந்த அளவுமானி காட்டும் எண்ணே அரசு ரகசியம் ஆகட்டும். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை, 17 சதவீத ஈரப்பத வரம்பு. மானி 17.4 காட்டுகிறது, வானம் இருட்டுகிறது, பட்டியல் எழுத்தர் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்: இதுவே ஒரு முழுச் சுற்று. 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய சட்டம் நல்ல நோக்கத்தில் வந்தது. அதை இழுத்துப் பாருங்கள்: 2090-இல் இங்கே பிறந்தவர் வேறு தொழிலுக்குப் போகக்கூடாது. காவலே சிறையாவதைவிட வலுவான கரு இந்த வட்டாரத்தில் கிடைப்பது கடினம்.

கருவிகள்

கட்டளையைத் தட்டச்சு செய்து ஆடும் கதைகளுக்கான இன்ஃபார்ம் 7-ஐத் தமிழுக்கு விட்டுவிடலாம். மதகை, மதகில், மதகுக்கு என்று உருபு ஏறும் ஒவ்வொரு வடிவத்தையும் கற்றுத்தர வேண்டும். கைபேசியில் அவ்வளவு தட்டச்சு செய்யவும் ஆள் இருக்காது.

ட்வைன் இலவசம், பெட்டிகளை அம்பால் இணைப்பதால் அமைப்பு கண்ணுக்குத் தெரியும். முடிந்த கதை ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பாக வரும், வாட்ஸாப்பில் அனுப்பினாலும் போதும். உலாவியிலேயே எழுதினால் கதை உலாவியின் சேமிப்பில்தான் இருக்கிறது, அதைத் துடைத்தால் கதையும் போயிற்று. அன்றாடம் ஒரு நகலை இறக்கி வையுங்கள்.

‘இங்க்’ என்ற கதைமொழி கணக்குகளுக்கு வசதி. பிரிந்து கூடுவதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். நட்சத்திரக் குறி போட்ட தேர்வு ஒருமுறை அழுத்தியதும் மறையும், கூட்டல் குறி போட்டது நிற்கும். இதை மாற்றிப் போட்டால் அத்தை ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்பாள். வலைக்கு ஏற்றினால் பல கோப்புகளாக வரும், ஜிப் செய்து, விளையாட்டுகளை வெளியிடும் இட்ச் தளத்தில் போட வேண்டும்.

சாய்ஸ்ஸ்க்ரிப்ட்டின் சிறப்பு அதன் சதவீதக் கணக்கு. நம்பிக்கை 60 இருக்கும்போது 20 கூட்டினால் 80 ஆகாது. மீதமுள்ள 40-இல் 20 சதவீதம், அதாவது 8 கூடி 68 ஆகும். 20 கழித்தால் 48. உச்சியில் ஏறுவது கடினம், சரிவது எளிது. சந்தேகம் நிறைந்த உலகத்துக்குப் பொருத்தமான கணிதம். ஆனால் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியில் ஒன்று பிசகினாலும் கதை நின்றுவிடும்.

எந்தக் கருவியானாலும் தமிழுக்கென்று ஒரு பொறி உண்டு. வாசகரிடம் பெயர் கேட்டு, பின்னால் ‘க்கு’ ஒட்டினால் ‘மாலதிக்கு’ சரியாக வரும், ‘முருகன்க்கு’ என்று இளிக்கும். வந்தான், வந்தாள் சிக்கல் வேறு. நாயகரை ‘நீ’ என்றே வைத்து, மற்றவர்கள் தம்பி, அக்கா என்று முறை வைத்துக் கூப்பிடட்டும். அந்த முறைச்சொல்லைத் தொடக்கத்தில் ஒருமுறை தேர்ந்தெடுக்க வைத்து, வேண்டிய உருபு வடிவங்களைத் தனித்தனியாகச் சேமித்துவிடுங்கள்.

சோதனைக்கு சாய்ஸ்ஸ்க்ரிப்ட்டில் தற்செயல் சோதனை உள்ளேயே இருக்கிறது, ஆயிரக்கணக்கான முறை தானே ஆடிக் காட்டும். மற்றவற்றில் கையால் மூன்று ஓட்டமாவது ஓட்டுங்கள்: எல்லாவற்றுக்கும் பணிந்து ஒன்று, எல்லாவற்றையும் மீறி ஒன்று, மாற்றி மாற்றி ஒன்று. முதல் இரண்டு ஓட்டமும் ஒரே அறுவடையில் முடிந்தால் உப்புக் கணக்கு எங்கோ படிக்கப்படவே இல்லை என்று அர்த்தம். நடவுப் பத்தியிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.