எட்டு வருடம் வாய் திறக்காத கருவி: என் வீட்டு ஆர்.சி.சி.பி. அனுபவம்

போன வாரம் நண்பன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். நாற்பது நொடிதான் ஓடும். டி.பி. பாக்ஸைத் (வீட்டு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பெட்டி) திறந்து, ஆர்.சி.சி.பி.யை (மின்கசிவு தெரிந்தால் 'டிரிப்' ஆகி, அதாவது லீவர் விழுந்து, மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) வேலை செய்யவிடாமல் அதைச் சுற்றி வயர்த் துண்டுகளைப் போட்டுவிட்டு, "இனி டிரிப்பே ஆகாது" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார் ஒருவர். கீழே நண்பனின் கேள்வி: "எங்க வீட்லயும் தினமும் விழுது. இப்படிப் பண்ணிடலாமாடா?"

வேண்டவே வேண்டாம் என்று உடனே பதில் போட்டேன். ஆனாலும் அவனுடைய எரிச்சல் எனக்கு நன்றாகவே புரிந்தது. எட்டு வருடம் அதே எரிச்சலோடு இருந்தவன் நான். போன மாதம்தான் பழையதைக் கழற்றிப் புதியது போட்டேன். எனவே அவனுக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

என்னுடையது 40 ஆம்பியர் வரை தாங்கும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழும் வகை. வீடு முழுவதற்கும் ஒன்றே ஒன்று. ஃபேஸில் போன மின்சாரம் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. குறைந்தால், அந்தக் குறை வேறெங்கோ தரைக்குள் இறங்குகிறது என்று பொருள். அது ஒரு மனித உடல் வழியாகவும் இருக்கலாம். உடனே விழுந்துவிடும். வேலையைச் சரியாகத்தான் செய்தது. என் கோபமெல்லாம் ஒன்றில்தான்: எதற்காக விழுந்தேன் என்று அது சொல்லவே சொல்லாது.

இரண்டாம் வருடம் மழைக்காலத்தில் காலையில் அயர்ன் பாக்ஸைப் போட்டாலே வீடு இருண்டுவிடும். அயர்ன் பாக்ஸின் வயரை மாற்றினேன். பிறகு அயர்ன் பாக்ஸையே மாற்றினேன். அப்படியும் விழுந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை போனபின் ஒரு எலக்ட்ரீஷியன் மெக்கரோடு (இன்சுலேஷனை அளக்கும் கருவி) வந்து, நியூட்ரல் வயர்களெல்லாம் சேரும் லிங்கிலிருந்து ஒவ்வொரு வயராகக் கழற்றி அளந்தபோதுதான் குற்றவாளி சிக்கியது. நாங்கள் பயன்படுத்தாமல் அணைத்தே வைத்திருந்த வாட்டர் ஹீட்டர்! அணைத்து வைத்த ஒன்று எப்படி டிரிப் செய்யும்? ஹீட்டர் எலிமெண்டுக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் சூடாகாமல் கிடந்தால் இன்சுலேஷன் இறங்கிவிடும். அதன் எம்.சி.பி. (கரண்ட் அளவுக்கு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்) ஒற்றைத் துருவம் என்பதால் ஃபேஸ் மட்டும்தான் துண்டிக்கப்பட்டிருந்தது. நியூட்ரல் அப்படியே இருந்தது. அயர்ன் பாக்ஸின் பெரிய கரண்ட் நியூட்ரலில் திரும்பும்போது, அதில் ஒரு பங்கு ஹீட்டர் வழியாக எர்த்துக்கு நழுவியது. ஒரு இடத்தில் பழுது, இன்னொரு இடத்தில் சுவிட்சைப் போட்டவருக்குப் பழி. கருவி ஒரே ஒரு குறிப்புக் கொடுத்திருந்தாலும் அந்த மூன்று ஞாயிறும் எனக்கு மிஞ்சியிருக்கும்.

இன்னொரு தலைவலி, பழுதே இல்லாமல் விழுவது. கம்ப்யூட்டர், எல்.இ.டி. டிரைவர் என்று மின் இரைச்சல் வடிகட்டி வைத்த ஒவ்வொன்றும் எர்த்துக்குக் கொஞ்சம் கசியவிடும். தனித்தனியே அற்பம்தான். சேர்ந்தால் கூடிவிடும். 30 என்று எழுதியிருந்தாலும், தர விதிப்படி 15 மில்லி ஆம்பியருக்குக் கீழேதான் அது விழவே கூடாது. நடுவில் எங்கு வேண்டுமானாலும் விழலாம். வீடு முழுவதற்கும் ஒன்றே வைத்தால் அந்தக் கசிவெல்லாம் ஒரே கணக்கில் ஏறுகிறது. ஊருக்குப் போயிருந்த நாலு நாளும் ஃபிரிட்ஜ் அணைந்து கிடந்ததுகூட இந்த வகையில்தான்.

இவ்வளவு திட்டிவிட்டேன். இனி இதையும் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் வருடம் ஒரு மதியம். அம்மா தரை துடைத்துக்கொண்டிருந்தார். டிரிப் ஆனது. நான் புலம்பிக்கொண்டே போய் லீவரைத் தூக்கிவிட்டேன். பத்து நிமிடத்தில் மறுபடியும் டிரிப். மறுபடியும் தூக்கப் போனேன். "கையில ஏதோ சுருக்குன்னுச்சுப்பா" என்றார் அம்மா. நீட்டிய கையை அப்படியே இழுத்துக்கொண்டேன். வாஷிங் மெஷினை நகர்த்திப் பார்த்தால், பின்னால் ஓடிய வயரில் எலிப்பல் பட்ட இடத்தில் விரல்நக அகலத்துக்குச் செம்பு பளபளத்தது. பக்கத்தில் ஈரத்துணி. சுவரில் பிளக் சுவிட்ச் போட்டபடியே இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஈரக் கையும் ஈரத் தரையும் என்றால் உடலின் மின்தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். 230 வோல்ட்டில் அது 230 மில்லி ஆம்பியர். அந்த சர்க்யூட்டின் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது தூசு; கடைசிவரை அசைந்திருக்காது. ஆர்.சி.சி.பி.யோ 150 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் 0.04 நொடிக்குள் விழுந்தாக வேண்டும். "உடம்பில் 30-க்கு மேல் பாயவே விடாது" என்று பல வீடியோக்களில் சொல்கிறார்கள். தவறு. எவ்வளவு பாய்கிறது என்பதை அது குறைப்பதில்லை, எவ்வளவு நேரம் பாய்கிறது என்பதைத்தான் குறைக்கிறது. அம்மாவுக்கு அந்தச் சுருக் தெரிந்தது அதனால்தான். அது அதோடு நின்றதும் அதனால்தான்.

கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சியல், தன்னார்வலர்களை வைத்து, எவ்வளவு கரண்ட் வரை பிடித்த கம்பியை ஒருவரால் விட முடிகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குப் பத்தரை. அந்த ஆராய்ச்சியின் பலன்தான் 1961-இல் அவர் உருவாக்கிய, இதே வேலையை 5 மில்லி ஆம்பியரிலேயே செய்யும் அமெரிக்க வகைக் கருவி. மனிதர்களின் கையில் மின்சாரத்தைப் பாய்ச்சி அறிந்த அளவுகள் இவை. அதை நாற்பது நொடியில் வயர்த் துண்டால் அழிக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்படிச் செய்தபின் லீவர் மேலேதான் நிற்கும், பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். கசிவைத் தேடிப்பிடிக்க அரை நாளும் ஒரு மெக்கரும் வேண்டும், அது வீடியோவில் சுவாரசியமாக இருக்காது. ஆகவே தப்பான வழிதான் லட்சம் பேரிடம் போய்ச் சேருகிறது. எனக்கு இது ஆறவே இல்லை.

செய்திகளும் கெடுக்கின்றன. எந்தத் தீ விபத்தானாலும் "மின்கசிவு காரணம்" என்று ஒரே வரி. உண்மையில் அது ஷார்ட் சர்க்யூட்டாக இருக்கலாம், ஓவர்லோடாக இருக்கலாம், தளர்ந்த ஸ்க்ரூ சூடேறியதாக இருக்கலாம். தளர்ந்த இணைப்பை ஆர்.சி.சி.பி.யும் கண்டுபிடிக்காது, எம்.சி.பி.யும் கண்டுபிடிக்காது. எல்லாவற்றையும் கசிவு என்றே எழுதினால், எதற்கு எது காவல் என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

இனி போன மாதக் கதை. முன்பக்கத்தில் 'T' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை மாதம் ஒருமுறை அழுத்தச் சொல்லியிருந்தது என்னுடையதோடு வந்த காகிதம். கடிகாரமெல்லாம் அணைந்துவிடுகிறது என்று வீட்டில் முணுமுணுத்ததால் ஏழு மாதம் அழுத்தாமல் விட்டிருந்தேன். அன்று அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. பலமாக அழுத்தினேன். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. லீவரைக் கையால் நாலைந்து முறை இறக்கி ஏற்றியபின் அழுத்தினால் விழுந்தது. உள்ளே இயக்கம் இறுகிப்போயிருந்திருக்கிறது.

ஃபியூஸ் போனால் இருட்டாகிவிடும், தெரிந்துவிடும். இது செத்துப்போனால் வீடு வெளிச்சமாகத்தான் இருக்கும். அந்த ஏழு மாதத்தில் எந்த நாளிலிருந்து அது செத்துக் கிடந்தது என்று எனக்குத் தெரியாது. அம்மா தினமும் தரை துடைத்துக்கொண்டுதான் இருந்தார்.

இப்போது வாட்டர் ஹீட்டருக்கு ஒன்று, வாஷிங் மெஷினுக்கு ஒன்று, மற்றவற்றுக்கு இரண்டு என்று ஆர்.சி.பி.ஓ.க்களை (ஆர்.சி.சி.பி.யும் எம்.சி.பி.யும் சேர்ந்த கருவி) பிரித்துப் போட்டிருக்கிறேன். நான்குமே எலக்ட்ரானிக்ஸ் கருவிகளின் கசிவையும் கண்டுகொள்ளும் 'ஏ' டைப். எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த வீட்டுக்கு, மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் அறியும் பழைய 'ஏசி' டைப் சரிப்படாது. எது விழுகிறதோ அந்தப் பக்கம் பார்த்தால் போதும். அந்த அளவுக்காவது வாய் திறக்கின்றன.

பழையதற்கு மதிப்பெண் கேட்டால் 10-க்கு 4. அம்மாவைக் காத்ததற்கே முழு மதிப்பெண் தர வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். தர மனம் வரவில்லை. இன்னும் அந்த ஏழு மாதம்தான் கண்முன் நிற்கிறது.

நண்பனுக்கு: அந்த வீடியோவை அழித்துவிடு. டி.பி. பாக்ஸைத் திறக்காதே. ஹீட்டரின் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே பிடுங்கி வைத்து இரண்டு நாள் பார். ஞாயிற்றுக்கிழமை மெக்கரை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.