மோர்பிட் ஏஞ்சலின் 2011 அல்பம்: நல்ல பாட்டு அஞ்சு, கோபம் முழுசு

அமெரிக்க டெத் மெட்டல் குழு மோர்பிட் ஏஞ்சல் பற்றிக் கிளிநொச்சித் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணை, 1995 இல வந்த டொமினேஷன் அல்பம் வரைக்கும் கேட்டு முடிச்சிட்டன். டேவிட் வின்சென்ட் பாடின அடுத்த ஸ்டூடியோ அல்பம் இல்லூட் டிவினம் இன்சானஸ் தானே? சீடி விலை இறங்கிக் கிடக்கு, எடுக்கலாமோ?"

எடுக்க வேண்டாம். ஆனால் ஊர் முழுக்கச் சொல்லும் காரணத்துக்காக இல்லை.

டெத் மெட்டல் ஆட்கள் கொம்பியூட்டர் இசைக்குப் போய்விட்டார்கள் என்பதுதான் வந்த நாளிலிருந்து இந்த அல்பத்துக்கு விழும் ஏச்சு. அது அநியாயம். 1991 இல் வந்த பிளெஸ்ட் ஆர் த சிக்கிலேயே கீபோர்டை மட்டும் வைத்துத் துண்டுகள் போட்டவர்கள் இவர்கள். 1994 இல் இயந்திர இசைக்குப் பேர்போன லைபாக் குழு இவர்களுடைய பாட்டுகளை ரீமிக்ஸ் செய்து ஒரு இ.பி.யே (சின்ன அல்பம்) வந்தது. மெதுவாக அடிப்பதும் குற்றமில்லை. 1993 கவனன்ட்டின் கடைசிப் பாட்டு 'காட் ஒஃப் எம்ப்டினஸ்' ஆமை வேகம்தான், ஆனாலும் நெஞ்சை அமத்தும். அங்கே ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் கிற்றார் கிடந்து முனகும்.

என் கோபம் எல்லாம் காலால் மிதித்து அடிக்கும் பெரிய ட்ரம்மான கிக் மேல்தான். இரண்டாவது பாட்டு 'டூ எக்ஸ்ட்ரீம்'. ஆறு நிமிடத்துக்கு மேல், ஒரே அளவு, ஒரே சத்தம். ட்ரிகர் போட்டதால் இப்படி என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. கிக்கில் பூட்டும் சின்ன உணரிதான் ட்ரிகர். கால் படும்போதெல்லாம் முதலே பதிந்து வைத்த சத்தத்தை எழுப்பும். இரண்டு காலாலும் அடிக்கும் டபுள் கிக் வேகமாகப் போகும்போது அடி ஒவ்வொன்றும் பிரிந்து கேட்க அது வேணும், டெத் மெட்டலில் அது சர்வசாதாரணம். சத்தம் ஒன்றுபோல இருந்தாலும் நேரம் மனுசன் காலில்தான் இருக்கும்: ஓரடி மயிரிழை முந்தும், ஓரடி பிந்தும், கிற்றார் அதோடு மல்லுக்கட்டும். 1989 இன் ஓல்டர்ஸ் ஒஃப் மட்னஸை இன்றைக்கும் கேட்க வைப்பது அந்த மல்லுக்கட்டுத்தான். 'டூ எக்ஸ்ட்ரீம்' அதை முழுசாகத் துடைத்துவிட்டு, கட்டம் போட்ட கொப்பியில் புள்ளி குத்துவதுபோல அடிக்கிறது. வற்றாப்பளைப் பொங்கலில் உரு ஏற ஏறப் பறை நெருங்கி வருவதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது தாளமாகவே படாது.

பழியை இதில் ட்ரம்ஸ் வாசித்த டிம் யுங் தலையில் போடக்கூடாது. குழுவின் பழைய ட்ரம்மர் பீட் சன்டோவல் முதுகு சத்திரசிகிச்சையால் வாசிக்க முடியாமல் போக, அந்த இடத்துக்கு வந்தவர் அவர். மூன்றாவது பாட்டு 'எக்ஸிஸ்டோ வல்கோரே'யைப் போட்டுப் பாருங்கள். முன்னுரை ஒன்றும் இல்லை, எடுத்த எடுப்பிலேயே வெட்டு. அடுத்த 'பிளேட்ஸ் ஃபோர் பால்' இன்னும் மேல். கிற்றாரிஸ்ட் ட்ரே அசாக்தொத்தின் சோலோ வந்ததும் இவ்வளவு நேரமும் இந்த மனுசனை எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள் என்று ஆத்திரம் வரும். 'டென் மோர் டெட்', 'நெவர்மோர்', 'பியூட்டி மீட்ஸ் பீஸ்ட்' மூன்றும் டொமினேஷன் பிடித்தவருக்கு வஞ்சகம் செய்யாது. வின்சென்ட்டின் குரல் பதினாறு வருட இடைவெளிக்குப் பிறகும் சொல் தெளிவாக, கனமாக நிற்கிறது. 'ஐ ஆம் மோர்பிட்' மேடையில் கூட்டம் கத்துவதற்குக் கட்டினது, வீட்டில் ஒருதரம் போதும்.

'ஐ ஆம் மோர்பிட்' தவிர்ந்த ஐந்து பாட்டும் சேர்த்து ஏறத்தாழ 24 நிமிடம். இயந்திரத் தாளப் பாட்டுகளான 'டூ எக்ஸ்ட்ரீம்', 'டிஸ்ட்ரக்டோஸ்', 'ரடிகல்ட்', கடைசிப் 'புரொஃபுண்டிஸ்' நான்கும் அதைவிடக் கொஞ்சம் கூட. 'ரடிகல்ட்' மட்டும் ஏழரை நிமிடம் தாண்டும். ஒரு யோசனையை ஏழரை நிமிடம் இழுத்தால் அது யோசனையே இல்லை.

கேட்பதென்றால் அந்த ஐந்தையும் 3, 4, 6, 8, 9 என்ற ஒழுங்கில் பிளேலிஸ்ட் போடுங்கள். ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததின் தொடக்கத்தையும் கலக்கும் கிரொஸ்ஃபேடை நிற்பாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பாட்டின் முதல் வெட்டு மங்கிப்போகும். ஈக்குவலைசரில் 3 தொடக்கம் 5 கிலோஹேர்ட்ஸ் வரை 2, 3 டெசிபெல் இறக்கினால் கிக்கின் 'டிக் டிக்' அடங்கி ஸ்னேர் முன்னுக்கு வரும். அதற்குமேல் இறக்கினால் கிற்றாரின் பல்லும் போய்விடும். பேஸ் பூஸ்ட் வேண்டவே வேண்டாம். ஏழு தந்திக் கிற்றாரின் அடித்தந்தி 60 ஹேர்ட்ஸ் அளவில்தான் கிடக்கும், கிக்கின் வயிறும் அங்கேதான். ஏ9 பஸ்களில் இருக்கும் பெரிய சப்வூஃபரிலோ ஓட்டோ செற்றிலோ போட்டால் இரண்டும் முட்டி, மிஞ்சுவது உறுமல் மட்டும். காதை மூடும் ஹெட்செற்தான் சரி.

சிக்னல் விழுந்து எழும்பும் உள்வீதிகளில் நேரடியாக ஓட விடாதீர்கள். ஆப் தானாகத் தரத்தை இறக்கும், முதல் அடி சிம்பலுக்குத்தான். எண்ணெயில் தண்ணி பட்ட இரைச்சலாகிவிடும். 320 கேபிபிஎஸ்ஸில் ஐந்து பாட்டும் 60 எம்பிக்குள் அடங்கும். வைஃபை உள்ள இடத்தில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை நல்லது சொல்லிவிட்டு ஏன் வேண்டாம் என்கிறேன்? 2003 ஹெரெட்டிக்குக்குப் பிறகு எட்டு வருடம் காக்க வைத்துவிட்டு, அந்த ஐந்து பாட்டையும் இசையமைக்கத் தெரிந்த அதே ஆட்கள் 'டூ எக்ஸ்ட்ரீ'மை வாசலில் கொண்டுவந்து வைத்தார்களே, அந்தச் செயலுக்குக் காசு கொடுக்க எனக்கு மனமில்லை. ஐந்து பாட்டையும் கேளுங்கள். சீடிக்கு எடுத்து வைத்த காசுக்கு 2000 இல் வந்த கேட்வேய்ஸ் டு அனிஹிலேஷனை எடுங்கள். அதில் பாடுவது ஸ்டீவ் டக்கர், வின்சென்ட் இல்லை, ட்ரம்ஸில் சன்டோவல்.